கண்மாயை அளப்பவர்கள்

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. ஐப்பசி கடைசி. இரண்டு நாள் மழைக்குப் பிறகு உள்வாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஊர் நீர்பாய்ச்சி, எழுபதைத் தாண்டியவர், மடைக்கல்லைக் கை நீட்டிக் காட்டினார். “தம்பி, தண்ணி அந்தக் குறுக்குக் கல்லைத் தொட்டா மேமடைக்கு மட்டும் நாத்துப் பாவலாம். கல்லு முங்கிருச்சுன்னா கீழ்மடைக்கும் சேத்து. கலுங்கு வழிஞ்சுச்சுன்னா தை அறுப்பைப் பத்திக் கவலையே இல்ல.”

இருப்பு எவ்வளவு, தேவை எவ்வளவு, யாருக்குத் தரலாம் என்ற மூன்று கணக்கும் அந்தப் பேச்சிலேயே முடிந்துவிட்டன. பிறகு அதே கண்மாயின் பதிவேட்டை ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். கொள்ளளவு மில்லியன் கன அடியில், ஆயக்கட்டு ஹெக்டேரில், கரையின் நீளம் மீட்டரில் இருந்தன. எல்லாம் தசமப் புள்ளி வரைக்கும் சுத்தம். இந்த வருஷம் நாற்றுப் பாவலாமா என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடமே இல்லை.

இயற்கை வளங்களை மதிப்பிடுவது, நிர்வகிப்பது, காப்பது என்று பாடநூல்கள் மூன்று அத்தியாயம் போடுகின்றன. கண்மாயில் அவை ஒரே ஆளின் ஒரே நாள் வேலையாக இருந்தன. அந்த வேலை எப்படித் துண்டு துண்டானது, துண்டானபின் எது தொலைந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றி எழுதியவர்களில் பலர் பணம் இல்லை, மழை இல்லை, ஆக்கிரமிப்பு என்று காரணம் சொன்னார்கள். அவை பொய்யில்லை. ஆனால் அளப்பவர் ஒருவராகவும் மடை திறப்பவர் வேறொருவராகவும் ஆனது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் நிலத்தின் சங்கதி. தமிழ்நாட்டின் முக்கால் பங்கு நிலம் கடும்பாறைமேல் கிடக்கிறது. ஆண்டு மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது, அதிலும் சில நாள்களிலேயே கொட்டிவிடுகிறது. வந்த தண்ணீரை நிறுத்தி வைக்காவிட்டால் ஒரு வாரத்தில் கடலுக்குப் போய்விடும். அதற்காக வெட்டியவைதான் சுமார் 39,000 ஏரிகள். வடக்கே ஏரி என்பார்கள், தெற்கே கண்மாய், பேச்சில் கம்மா. தனி ஏரி என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. மேலே உள்ளதன் கலுங்கு வழிந்தால் அந்த நீர் கீழே உள்ளதன் வரத்துக்கால் வழியாக அடுத்த உள்வாய்க்குப் போகும். இப்படிப் பத்து இருபது ஊர்கள் ஒரே சரமாகக் கோத்துக் கிடக்கும். இடையில் ஒரு வரத்துக்கால் அடைபட்டால் கீழே உள்ள அத்தனை ஊரும் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். எனவே ஒரு கண்மாயை மட்டும் அளந்துவிட்டு அதன் நிலைமை தெரிந்துவிட்டதாகச் சொல்லவே முடியாது. நம் பதிவேடுகளோ இன்றும் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பக்கத்தில்தான் வைத்திருக்கின்றன.

பழைய காலத்தைப் பேசும்போது எல்லோரும் உத்திரமேரூருக்குப் போவார்கள். நானும் போகிறேன், வேறொரு விஷயத்துக்காக. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்வது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்ததும் தெரியும். அதிகம் பேசப்படாத வரி வேறு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் போடத் தகுதி இல்லாதவர்கள். நிர்வாகமும் கணக்கும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. ஏரிப் பராமரிப்புக்கு ஏரிப்பட்டி என்று நிலம் விட்டிருந்தார்கள். தூர் வாரும் ஓடங்களுக்கென்றே நிவந்தம் வைத்த ஊர்களும் உண்டு. அதோடு இதையும் சொல்லிவிட வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். அந்தச் சபை நிலமுள்ளவர்களின் சபை. சேற்றில் இறங்கித் தூர் வாரியவன் பெயர் குடத்தில் விழவில்லை.

பொறியியலும் சாதாரணமானது இல்லை. பல பழைய ஏரிகளில் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இரண்டு கல்தூண் நிற்கும். அவற்றுக்கு இடையே குறுக்குக் கற்கள். அவற்றின் துளை வழியாக ஒரு தண்டு கீழே இறங்கி, அடியில் கிடக்கும் கல்தொட்டியின் வாயை அடைத்திருக்கும். குமிழித் தூம்பு என்று பெயர். தண்டைத் தூக்கினால் மேல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். தொட்டியின் அடிமட்டத்தில் சேறோடித் துளைகள் தனியாக உண்டு. மடை திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் வண்டலும் தண்ணீரோடு வயலுக்குப் போய்விடும். தண்ணீர் விடுவதும் தூர் எடுப்பதும் உரமிடுவதும் ஒரே வேலை. இன்றைய இரும்பு ஷட்டரில் இந்த ஏற்பாடு இல்லை. அதனால் வண்டல் உள்ளேயே தங்குகிறது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை பொக்லைன் வந்து அள்ளுகிறது.

ஆங்கிலேயர் வந்தபின் பேச்சு மாறியது. ஊரார் சேர்ந்து செய்துவந்த குடிமராமத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. வழக்கமாக நடந்துவந்ததைத் தண்டனை காட்டிச் செய்யச் சொல்லும் நிலை ஏன் வந்தது? தண்ணீரின் பலனை வரியாக எடுத்துப் போகிறவர் ஒருவர், மண் சுமக்கிறவர் வேறொருவர் என்று ஆனதுதான். ஆனால் அதே அரசு 1883 வாக்கில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று தொடங்கி, ஏரி ஏரியாகப் போய் அளந்து எழுதிவைத்தது. கரை மட்டம், மடை மட்டம், கலுங்கின் அகலம் எல்லாம் அந்தக் குறிப்பேடுகளில் இருக்கும். இன்றும் ஓர் ஏரியின் பழைய கலுங்கு மட்டம் பற்றித் தகராறு வந்தால் பொறியாளர்கள் அவற்றைத்தான் தேடுகிறார்கள். அளவீடு என்ற வகையில் அதற்கு நிகரான வேலை பின்னால் நடக்கவில்லை. ஆனால் அதை எழுதியவர் மடையைத் திறக்கப் போவதில்லை. பிரிவினை அங்கேதான் ஆரம்பித்தது.

சுதந்திரத்துக்குப் பின் ஜமீன் ஒழிந்தது, கண்மாய்கள் அரசுக்கு வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதாவது இன்றைய நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. இது கரைக்கும் மடைக்கும்தான். உள்வாய்ப் புறம்போக்கு வருவாய்த் துறையிடம். சமூகக் காடு வளர்ப்பில் நட்ட கருவேல மரங்கள் வனத்துறையிடம். மீன் பாசி ஏலம் இன்னொரு கையில். வண்டல் எடுக்கக் கனிமச் சட்டத்தின்கீழ் அனுமதி. ஒரே குழிக்குள் ஐந்து துறை. ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டும் அளக்கிறது. வனத்துறைக்கு மர எண்ணிக்கை முக்கியம், கன்று பிழைக்க வேண்டுமானால் தண்ணீர் அதிக நாள் நிற்கக் கூடாது. மீன் குத்தகைக்காரருக்குத் தண்ணீர் வற்றினால்தான் மீன் பிடிக்க வசதி, அதனால் இரவோடு இரவாக மடை திறந்த கதை தென் மாவட்டங்களில் ஊருக்கு ஒன்று உண்டு. ஆயக்கட்டுக்காரருக்கு மாசி வரை தண்ணீர் வேண்டும். இவற்றைச் சேர்த்து ஒரே தாளில் போடும் கணக்கு எவரிடமும் இல்லை.

ஆய்வாளர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? பொதுச்சொத்து பாழாய்த்தான் போகும் என்று காரட் ஹார்டின் 1968இல் எழுதினார். அப்படி இல்லை, விதியை ஊரே வகுத்து ஊரே கண்காணித்தால் நிலைக்கும் என்று எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதினார். 2009இல் நோபல் பரிசும் பெற்றார். 1997இல் தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட தொகுப்பு, அழிந்துவரும் மரபறிவு என்ற கோணத்தில் நம் ஏரிகளையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, வெள்ளைக்காரன் கெடுத்தான் என்ற கதை அதிலிருந்து பலமாகப் பரவியது. அதைத் தட்டிக் கேட்டவர் டேவிட் மாஸ். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் வருஷக்கணக்கில் வேலை செய்து 2003இல் அவர் எழுதிய நூல், கண்மாய் என்பது எப்போதும் அதிகாரத்தின் விஷயம் என்று காட்டியது. கோயில் மரியாதை யாருக்கு, முதல் தண்ணீர் யாருக்கு, கரைவேலைக்கு யார் வரவேண்டும் என்பதெல்லாம் ஒரே முடிச்சு. அந்த முடிச்சு அவிழ்ந்தபோது கண்மாயும் சேர்ந்து தளர்ந்தது.

நீர்பாய்ச்சியைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. வடக்கே நீர்கட்டி, தெற்கே நீர்பாய்ச்சி, மடைக்குடும்பர் என்று பெயர் மாறும். பல ஊர்களில் அவர்கள் தலித்துகள். சம்பளம் என்று கிடையாது, களத்தில் நெல்லாகச் சுவந்திரம். அறுப்பு பொய்த்தால் அதுவும் இல்லை. நான் பேசிய பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஏன் வரவில்லை என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர்களுடைய அறிவைப் போற்றிக் கட்டுரை எழுதுகிற நாம், அந்த வேலைக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று எங்கேயாவது தீர்மானம் போட்டோமா? சோ. தர்மனின் ‘சூல்’ நாவல் 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது கண்மாய் கொஞ்ச நாள் இலக்கியக் கூட்டங்களில் பேசுபொருளானது. மடை திறக்கிறவர் மேடைக்கு வரவில்லை.

இனி கிணற்றுக்கு வருவோம். 1960களில் ஏரிப்பாசனம் சுமார் 9 லட்சம் ஹெக்டேர். இன்று நல்ல மழை ஆண்டில்கூட அதில் பாதியை எட்டுவது கடினம். அதே காலத்தில் கிணற்றுப்பாசனம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990 வாக்கிலும் இலவச மின்சாரம் வந்தது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் ஓடுகின்றன. சொந்தக் கிணறு உள்ளவருக்குக் கண்மாய்க் கூட்டத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. வசதியுள்ளவர்கள் இப்படி ஒதுங்க ஒதுங்கக் கூட்டு உழைப்பு தேய்ந்துபோவதைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பாலசுப்பிரமணியனும் செல்வராஜும் கணக்கோடு காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கிணற்றில் ஊறும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மத்திய நிலத்தடி நீர் வாரியம் நிலத்தடி நீரை மதிப்பிடும்போது ஏரிகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: தண்ணீர் நிற்கும் நாளெல்லாம் சராசரி நீர்ப்பரப்பின்மேல் நாளுக்கு 1.4 மில்லிமீட்டர் கீழே இறங்குவதாகக் கொள்ள வேண்டும். நீர்ப்பரப்பு தெரியாவிட்டால் அதிகபட்சப் பரப்பில் 60 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம். இதை 100 ஹெக்டேர் கண்மாய் ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். 60 ஹெக்டேர் மேல் 1.4 மில்லிமீட்டர் என்றால் நாளுக்கு 840 கன மீட்டர், 8.4 லட்சம் லிட்டர். நான்கு மாதம் தண்ணீர் நின்றால் 10 கோடி லிட்டரைத் தொடும். கடும்பாறைப் பகுதியில் பாறை இடுக்குகளில் தங்கும் இடம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர 150 கன மீட்டர் போதும். அப்படியானால் அந்த ஒரு கண்மாய் 670 ஹெக்டேரில் கிணற்று மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்தும் சக்தி உள்ளது. மடை வழியாக ஒரு சொட்டுக்கூட விடாமலே!

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. களிமண் படிந்த கண்மாய்க்கும் சரளைத் தரையுள்ள கண்மாய்க்கும் அதே 1.4தான். போன வாரம் தூர் வாரியதற்கும் முப்பது வருஷமாக வாராததற்கும் அதே 1.4தான். மாநிலம் முழுவதற்கும் பார்க்கும்போது இது பரவாயில்லை, ஏற்றத்தாழ்வு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஓர் ஊர் தன் கண்மாயைப் பற்றி முடிவெடுக்க இது உதவாது. 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று வந்தது. அந்தக் குறுவட்டம் ஒன்றில் போய், உங்கள் பகுதி இந்தப் பட்டியலில் இருக்கிறதே, தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். கிணறு ஆயிரம் அடிக்குப் போன கதையைச் சொல்வார்கள். பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டவர் இருக்க மாட்டார்.

இந்தக் குறையை நேராகத் தொட்ட முயற்சி பக்கத்து ஆந்திரத்தில் நடந்தது. 2003 முதல் சில ஆண்டுகள் ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு, விவசாயிகளே மழைமானி வைத்தார்கள், கிணற்று மட்டத்தை அளந்தார்கள், ராபி பருவத்துக்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் நீர் வரவு செலவு போட்டார்கள். எவரும் எதையும் தடை செய்யவில்லை. நெல் போடாதே என்று உத்தரவு இல்லை. இருந்தும் கணக்கைப் பார்த்த பலர் நெல்லைக் குறைத்தார்கள். நம் ஊரில் மழையை ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று சொல்வதும் முடிவெடுக்க உதவும் இந்த வகை அளவுதான். மில்லிமீட்டர் வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்கிறது. உழவு மழை என்பது மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது, ஏர் பூட்டலாமா என்பதைச் சொல்கிறது.

எண்ணிக்கைகளைப் பற்றி இன்னொரு சங்கதி. ஜல் சக்தி அமைச்சகம் 2023இல் நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பை வெளியிட்டது. மொத்தம் 24,24,540. தமிழ்நாட்டில் 1,06,957. ஆக்கிரமிக்கப்பட்டவை நாடு முழுவதும் 1.6 சதவீதம் என்று அது சொல்கிறது. நூற்றுக்கு இரண்டுகூட இல்லையா என்று மகிழ்ந்துவிட வேண்டாம். சென்னை தியாகராய நகர் 1920களில் மாம்பலம் நெடிய ஏரியின்மேல் எழுந்தது. அது இந்தப் பட்டியலில் ஆக்கிரமிப்பாக வராது, ஏனென்றால் அங்கே இன்று நீர்நிலையே கிடையாது. முழுதாக விழுங்கப்பட்டது கணக்கில் வராது, ஓரம் கடிக்கப்பட்டதுதான் வரும். செயற்கைக்கோள் படமும் ஓரளவுக்குத்தான் துணை. நீர்ப்பரப்பை அது காட்டும், ஆழத்தைக் காட்டாது. சீமைக் கருவேலம் மூடிய உள்வாய் படத்தில் பசுமையாகத் தெரியும்.

அந்தச் சீமைக் கருவேலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு மாநிலமே வெட்டரிவாளோடு கிளம்பியது, சில மாதங்களில் தடை உத்தரவும் வந்தது. அது நிலத்தடி நீரை உறிஞ்சும் பேய் என்று மேடையில் பேசுகிறார்கள். ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களைக் கேட்டால் வேறு கணக்கு வரும். வரத்துக்காலிலும் கரையிலும் மடைவாயிலும் அது நிற்கவே கூடாது, வேரோடு போகட்டும். மானாவாரித் தரிசில் நிற்பதை வெட்டுமுன் யாருடைய அடுப்பு அணையும் என்றும் சேர்த்து அளக்க வேண்டும்.

2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. எல்லையை அளந்து அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு மட்டும். எண்ணிக்கையில் பெரும்பகுதி ஒன்றியத்துச் சிறு கண்மாய்கள். முதலில் காணாமல் போகிறவையும் அவைதான்.

2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரோடு புதிய திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள், ஆயக்கட்டுக்காரர் பங்கு 10 சதவீதம். பெயரைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். வேலை நடந்த இடங்களைப் போய்ப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. பில் போட ஒரே அலகு, எத்தனை கன மீட்டர் மண் எடுத்தாய் என்பதுதான். அதனால் லாரி போய்த் திரும்ப வசதியான இடத்தில் ஆழமாக வெட்டினார்கள். மடை மட்டத்துக்குக் கீழே வெட்டிய குழியில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் போகாது. ஊற்றுக்கு உதவும் என்பது உண்மை, அப்படியானால் அதை ஊற்றுக் குளம் என்றே சொல்லிச் செய்திருக்கலாம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வரத்துக்கால் தூர்ந்து கிடந்தது. அங்கே எடுக்க மண் குறைவு, பில்லும் குறைவு. தண்ணீர் வரும் வழியை விட்டுவிட்டு நிற்கும் இடத்தை வெட்டியது, உலை வைக்காமல் பானையை மட்டும் பெரிதாக வாங்கியது போல. அளவுகோல் மண்ணுக்கு வைக்கப்பட்டதால் மண்தான் வந்தது.

தண்ணீரைக் காத்தால் லாபம் யாருக்கு என்று தெளிவாகத் தெரிந்த இடங்களில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். அந்த ஊரார் பறவையைச் சுடவிடாமல் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். சட்டப்படி சரணாலயமானது 1936இல், ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின்னால். பறவை, தண்ணீர், நெல் மூன்றையும் அவர்கள் ஒரே கணக்கில் எழுதிவைத்திருந்தார்கள்.

சென்னை இதற்கு எதிர்முனை. செம்பரம்பாக்கம் வயலுக்கு வெட்டிய ஏரி. இப்போது நகரத்துக் குடிதண்ணீர்த் தொட்டி. குடிதண்ணீருக்காக நிரப்பி வைக்க வேண்டும், வெள்ளத்துக்காகக் காலியாக வைக்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. நான்கே ஆண்டு கழித்து 2019 கோடையில் நகரத்து ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளம் வந்த ஆண்டிலும் வறட்சி வந்த ஆண்டிலும் இருந்தவை ஒரே ஏரிகள்தான். மேலே இருந்த நூற்றுக்கணக்கான சிறு ஏரிகள் சரமாக நின்றிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருக்கும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் இல்லை. மடைக்கல்லில் ஊருக்குப் புரியும் அளவுக்கோடு, அதன் பக்கத்தில் இந்த மட்டத்துக்கு இத்தனை ஏக்கர் என்ற பலகை. மீன் பாசி ஏலப் பணத்தில் ஒரு பங்கு கண்மாய்ச் சங்கத்துக்கு. அந்தச் சங்கத்தில் கிணற்றுக்காரரும் உறுப்பினர், அவரும் பங்குப் பணம் தர வேண்டும், ஏனென்றால் கண்மாயின் பெரிய பயனாளி இன்று அவர்தான். நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம், எந்தச் சாதிக்காரரும் விண்ணப்பிக்கும் வேலையாக. சரத்தில் உள்ள எல்லாக் கண்மாய்க்கும் ஒரே பதிவேடு. இவற்றில் எதுவும் நூறு கோடிச் செலவு இல்லை. அதனால்தானோ என்னவோ திட்ட அறிக்கைகளில் ஏறுவதில்லை.

சிவகங்கைக் கண்மாய்க்கு மார்கழியில் மறுபடி போனேன். தண்ணீர் குறுக்குக் கல்லுக்கு நான்கு விரல் மேலே நின்றது. கீழ்மடைக்காரர்கள் திறக்கச் சொல்கிறார்கள், கிணற்றுக்காரர்கள் மடையை அடைத்தே வை, ஊற்றாவது கிடைக்கட்டும் என்கிறார்கள். எல்லோரையும் கூட்டி ஆறு வருஷம் ஆயிற்றாம். ஷட்டர் சாவி பெரியவரின் வேட்டி மடிப்பில் இருந்தது. “திறக்கச் சொன்னாலும் திட்டுவாக, திறக்காட்டியும் திட்டுவாக தம்பி,” என்று சொல்லிவிட்டு, கல்லில் ஒட்டியிருந்த பாசியைக் காலால் தேய்த்துத் தண்ணீர் நேற்றைக்கு எங்கே இருந்தது என்று பார்த்தார்.